70-ல வந்தவன் நின்னுட்டான்... 100-ல வந்தவன்? - ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு ஒரு சூரமங்கலம் டீக்கடை கையேடு

சேலம் ஜங்ஷன் இருக்கிற ஏரியாதான் சூரமங்கலம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அந்தப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில நின்னு பாருங்க. நாலு பசங்க, நாலு கிளாஸ் டீ, ஒரு மொபைல். ஸ்க்ரீன்ல ஒரு போர்ஷே வளைவுல சீறிக்கிட்டு இருக்கும். அந்த நாலு பேர்ல ஒருத்தன்கிட்டதான் கார் இருக்கும். அதுவும் அப்பா வாங்கின பழைய ஸ்விஃப்ட். ஆனா பேச்சுல மட்டும் குதிரைத்திறன் 500-க்குக் கீழ இறங்காது.

அப்படி ஒரு ஜமாவுல வழக்கமா ஒருத்தன் ஒரு புதிரைத் தூக்கிப் போடுவான்.

“மச்சி, ஒரே மாதிரி ரெண்டு கார். ஒண்ணு 70-ல வருது, இன்னொண்ணு 100-ல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வர்ற நேரத்துல, முன்னாடி ஒரு லாரி குறுக்கே நிக்குது. ரெண்டு பேரும் ஒரே நொடியில பிரேக் அடிக்கிறாங்க. 70-ல வந்தவன் லாரியைத் தொடாம மயிரிழையில நின்னுட்டான். 100-ல வந்தவன் எவ்ளோ வேகத்துல மோதுவான்?”

“30 தான்டா. நூறுல எழுபது போனா முப்பது.”

“இல்ல மாப்ள, 20 கூட வராது. ஏபிஎஸ் இருக்குல்ல?”

ரெண்டு பதிலுமே தப்பு. சரியான பதிலைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். இந்தப் பக்கத்தைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள, ஸ்போர்ட்ஸ் கார்னா என்ன, அதை வெச்சிருக்க என்ன செலவாகும், நம்ம ஊர்ப் பக்கம் ரேஸ் எங்க நடக்குது, ஏற்காடு மலைப்பாதையில இயற்பியல் எப்படி வேலை செய்யுதுன்னு எல்லாத்தையும் ஒரு ரவுண்ட் பார்த்துடலாம்.

ஸ்போர்ட்ஸ் கார்... அப்படி என்ன ஸ்பெஷல்?

வேகமா போறது மட்டும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. தரையோடு ஒட்டின உயரம், எடை குறைவான உடம்பு, அந்த எடைக்கு ரொம்பவே அதிகமான சக்தி, நல்ல பிடிமானமுள்ள டயர், சூடானாலும் கைவிடாத பிரேக். இந்த அஞ்சும் சேர்ந்ததுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

‘எத்தனை ஹார்ஸ்பவர்?’ என்பதைவிட ‘ஒரு டன்னுக்கு எத்தனை ஹார்ஸ்பவர்?’ என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. போர்ஷே 911 ஜிடி3 கார் 510 குதிரைத்திறன் கொண்டது, எடை சுமார் 1.4 டன். அதாவது டன்னுக்கு 350-க்கு மேல. புது ஸ்விஃப்ட் சுமார் 80 குதிரைத்திறன், எடை 900 கிலோ சொச்சம். டன்னுக்கு 90-க்குக் கொஞ்சம் கீழ. 200 குதிரைத்திறன் உள்ள லாரி, லோடோட 28 டன்னுக்கு நிக்கும்போது? டன்னுக்கு ஏழுதான். அதனாலதான் மேட்டுல லாரி மூச்சு வாங்குது.

‘அண்ணன் லாரியில டார்க் அதிகம்!’

இங்கதான் பக்கத்து பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிற நாமக்கல் லாரி டிரைவர் அண்ணன் உள்ள வருவாரு. “தம்பி, உங்க போர்ஷேயைவிட என் வண்டியில டார்க் ஜாஸ்தி, தெரியுமா?”

சிரிக்காதீங்க. அவர் சொல்றது நிஜம். ஜிடி3-யின் முறுக்குவிசை, அதாவது டார்க், 450 நியூட்டன் மீட்டர். 200 குதிரைத்திறன் வகை லாரி இன்ஜின்களில் அது 700-ஐ ஒட்டி இருக்கும். அப்ப லாரி ஏன் பறக்கலை?

டார்க் என்பது ஒரு தடவை சுத்துறதுக்கான பலம். எவ்வளவு பலமா சுத்துது, நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுத்துது, இந்த ரெண்டையும் பெருக்கினாதான் குதிரைத்திறன். லாரி இன்ஜின் நிமிஷத்துக்கு சுமார் 2,400 சுற்றோட நிறுத்திக்கும். ஜிடி3 இன்ஜின் 9,000 வரைக்கும் போகும். கிணத்துல பெரிய வாளியை மெதுவா இழுக்கிறவரும், சின்ன வாளியை நாலு மடங்கு வேகமா இழுக்கிறவரும் மாதிரி. தொட்டியை யார் முதல்ல நிரப்புவாங்க என்பதுதான் குதிரைத்திறன்.

வாங்கிடலாமா? பில்லைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க

கனவு காண்றதுக்கு வரி இல்லை. காருக்கு உண்டு, நிறையவே.

முழுசா வெளிநாட்டிலேயே தயாராகி, கப்பல்ல வர்ற விலை உயர்ந்த காருக்கு, இறக்குமதி வரி மட்டுமே ரொம்ப காலமா காரின் மதிப்புக்குச் சமமா இருந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல ஜி.எஸ்.டி. அப்புறம் நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புது காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். ஒரு கோடி ரூபாய் கார்னா, வரி மட்டும் 20 லட்சம். அந்தக் காசுக்கே ஒரு நல்ல எஸ்.யூ.வி. வாங்கிடலாம்.

வாங்கின பிறகு? இதையெல்லாம் யாரும் ரீல்ஸ்ல சொல்ல மாட்டாங்க:

* வேகத்தடை. இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி ஒரு வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பாகம் தரையிலிருந்து 11 - 13 செ.மீ.தான். விதிப்படி போட்ட வேகத்தடையையே தாண்டுறது கஷ்டம். நம்ம தெருவுல ராவோட ராவா கொட்டி வெச்ச சிமென்ட் மேட்டைக் கேட்கவே வேணாம். அதனாலதான் பல கார்கள்ல மூக்கைத் தூக்கிக்க ஒரு பட்டன் வைக்கிறாங்க.
* டயர். நல்லா ஒட்டுற டயர் மென்மையான ரப்பர். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். பிடிமானமும் ஆயுளும் ஒரே டயர்ல முழுசா கிடைக்காது.
* சர்வீஸ். பெரிய பிராண்டுகளின் ஒர்க்‌ஷாப் சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்கள்லதான். மழைத்தண்ணிக்குள்ள ஒரு சென்சார் போச்சுன்னா, காரை இன்னொரு வண்டி மேல ஏத்தி அனுப்பணும்.
* இன்ஷூரன்ஸ். வழக்கமான கார் பாலிசி ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. ட்ராக்ல இடிச்சுட்டு கிளெய்ம் கேட்டா கிடைக்காது.

சொந்தமா வெச்சிருக்கிற சந்தோஷத்தைக் குறைச்சு சொல்லலை. ஆனா ஓட்டுற சந்தோஷத்துக்கு சொந்தக்காரர் ஆகணும்னு அவசியமே இல்லை. அது எப்படின்னு கடைசியில சொல்றேன்.

புதிர் 1: ஏற்காடு சராசரி

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கி.மீ.ன்னு வெச்சுக்குவோம். ஏறும்போது உங்க சராசரி வேகம் 30. போய்த் திரும்பின மொத்தப் பயணத்தின் சராசரி 60 வரணும்னா, இறங்கும்போது எவ்வளவு வேகத்துல வரணும்?

“90!”னு உடனே சொல்லியிருப்பீங்க. முப்பதும் தொண்ணூறும் கூட்டி ரெண்டால வகுத்தா 60 வருதேன்னு.

முடியாது. 90 இல்லை, 900-ல வந்தாலும் முடியாது. போய்வர மொத்தம் 60 கி.மீ. சராசரி 60 வேணும்னா, மொத்தம் ஒரு மணி நேரம்தான் ஆகணும். அந்த ஒரு மணி நேரத்தை ஏறும்போதே செலவு பண்ணிட்டீங்க. இறங்க உங்ககிட்ட மிச்சம் இருக்கிறது பூஜ்ஜியம் நிமிஷம்.

உயிரைப் பணயம் வெச்சு 90-ல இறங்கினாக்கூட சராசரி 45-தான் வரும். நிதானமா 45-ல இறங்கினா 36. மெதுவா போன தூரத்துல இழந்த நேரத்தை, வேகமா போற தூரத்துல மீட்க முடியாது என்பதுதான் கணக்கு. ரேஸ் ஓட்டுறவங்களுக்கு இது அரிச்சுவடி. நேர் ரோட்டுல முறுக்குறதால லேப் டைம் பெருசா குறையாது. மெதுவான வளைவை ஒழுங்கா எடுத்து, வெளிய வரும்போது வேகத்தோட வரணும். அதுக்கு உள்ள நுழையும்போது நிதானமா நுழையணும்.

புதிர் 2: கொண்டை ஊசி வளைவுல ரெண்டு கோடி ரூபாய்க்கு என்ன மதிப்பு?

ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்குப் போனா 70. இந்த வளைவுகள்ல ஸ்விஃப்டைவிட ஸ்போர்ட்ஸ் கார் எவ்வளவு வேகமா போக முடியும்? ரெண்டு மடங்கு? மூணு மடங்கு?

வளைவில் காரைத் திருப்புறது இன்ஜின் இல்லை. நாலு டயரும் ரோட்டைத் தொடுற இடம், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட நம்ம உள்ளங்கை அளவு. அந்த நாலு உள்ளங்கையின் உராய்வுதான் காரை வளைவுக்குள் பிடிச்சு வைக்குது. உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது ரெண்டே விஷயம். வளைவின் ஆரம், உராய்வுக் குணகம். காரின் விலை கணக்குல வரவே வராது.

வளைவின் ஆரம் 15 மீட்டர்னு வைப்போம். காய்ந்த ரோட்டில் சாதாரண டயரின் உராய்வுக் குணகம் சுமார் 0.8. கணக்குப் போட்டா, டயர் வழுக்கத் தொடங்குற வேகம் மணிக்கு 39 கி.மீ. ஸ்போர்ட்ஸ் கார் டயருக்கு 1.1-னு தாராளமா கொடுத்தாலும் 46 கி.மீ.தான். கோடிக்கணக்குல செலவு பண்ணி சம்பாதிச்சது ஏழு கி.மீ.!

இப்ப அதே ரோட்டுல மழை பெய்யட்டும். குணகம் 0.4-க்கு இறங்குதுன்னு வைங்க. எல்லை 28-க்கு வந்துடும். நேத்து 35-ல சுலபமா எடுத்த அதே வளைவு, இன்னிக்கு அதே 35-ல உங்களை வெளிய தள்ளிடும். ரோட்டோரம் மணல், காய்ந்த இலை, லாரி சிந்தின டீசல் இருந்தா இன்னும் மோசம். இதெல்லாம் வழுக்குற எல்லை, ஓட்ட வேண்டிய வேகம் இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்குங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருதான்னு எந்த ஃபார்முலாவும் சொல்லாது.

புதிர் 3: கோழி லாரியும் கார் றெக்கையும்

இது அண்ணன் கேட்குற கேள்வி. “தம்பி, நாமக்கல்ல கோழி ஏத்திக்கிட்டு எடைமேடைக்கு வர்றேன். வண்டி முழுக்க மூடின பாடி. உள்ள இருக்கிற கோழியெல்லாம் ஒரே நேரத்துல பறந்தா எடை குறையுமா?”

குறையாது. பறக்கிற பறவை காத்தைக் கீழ தள்ளித்தான் மேல நிக்குது. அந்தக் காத்து லாரியின் தரையை அழுத்தும். சராசரியா பார்த்தா எடை அதேதான். கம்பி வலை போட்ட திறந்த வண்டின்னா, தள்ளின காத்துல ஒரு பங்கு வெளிய போயிடும். அதனால முள் கொஞ்சம் இறங்கலாம். பிராய்லர் கோழி எங்க பறக்குதுன்னு கேட்டா, அது வேற விஷயம்.

ஸ்போர்ட்ஸ் காருக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? பறவை காத்தைக் கீழ தள்ளுது, அதனால மேல போகுது. ரேஸ் காரின் றெக்கை தலைகீழா பொருத்தின றெக்கை. அது காத்தை மேல தள்ளுது, அதனால கார் தரையோடு அழுந்துது. எடையைக் கூட்டாமலே டயருக்குப் பிடிமானம் கூடுது.

ஆனா இந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 200 கி.மீ.ல கிடைக்கிற அழுத்தத்துல, 40-ல கிடைக்கிறது இருபத்தஞ்சுல ஒரு பங்குதான். அதனால ஏற்காடு வளைவுல உங்க ஸ்விஃப்ட் பின்னாடி ஒட்டின ஸ்பாய்லர், துணி காயப்போட மட்டும்தான் உதவும்.

புதிர் 4: மூணு வாட்டர் கேன்

ஏற்காட்டிலிருந்து இறங்குறோம். மேலயும் கீழயும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோட சேர்த்து காரின் எடை 1,500 கிலோன்னா, இறங்கும்போது அந்த உயரத்தின் ஆற்றல் எங்கயாவது போய்த்தானே ஆகணும்? எவ்வளவு இருக்கும்?

சுமார் 1 கோடியே 76 லட்சம் ஜூல். புரியலையா? வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் வாட்டர் கேன் மூணை, சாதாரண சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு போற அளவு வெப்பம். வெறும் பிரேக்கை மிதிச்சே இறங்கினா, அதுல பெரும்பங்கு அந்தச் சின்ன டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான் போகும். அளவுக்கு மீறிச் சூடானா பிரேக் தன் பிடியை இழக்கும். பெடல் மிதிபடும், வண்டி நிக்காது.

அதனாலதான் ‘எந்த கியர்ல ஏறுவியோ, அந்த கியர்ல இறங்கு’ன்னு பழைய டிரைவர்கள் சொல்றாங்க. கியர்ல விட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இன்ஜினே வண்டியைப் பிடிச்சு இழுக்கும். இன்னொரு விஷயம், இப்போதைய இன்ஜின்கள் அந்த நேரத்துல பெட்ரோலையே நிறுத்திடும். நியூட்ரல்ல போட்டா பெட்ரோல் மிச்சம்னு சொல்றது பொய். நியூட்ரல்லதான் இன்ஜின் ஓட எண்ணெய் செலவாகும். தர்மபுரியிலிருந்து சேலம் வர்ற வழியில இருக்கிற தொப்பூர் கணவாய் இறக்கம் ஏன் இவ்வளவு விபத்துக்குப் பேர்போனதுன்னு இப்ப புரியுதா? 28 டன் லாரிக்கு எத்தனை வாட்டர் கேன்னு நீங்களே கணக்குப் போடுங்க.

சோழவரத்திலிருந்து தீவுத்திடல் வரை

‘ரேஸெல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம்’னு நினைச்சா தப்பு. இந்திய கார் பந்தயத்தின் முக்கியமான வீடு தமிழ்நாடுதான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க பந்தயம் நடத்த ஆரம்பிச்சது. பல வருஷம் சோழவரம் ரேஸ்னா ஊரே திரளும். விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே அங்க ஓட்டியிருக்காரு. 1990-ல் அந்த கிளப் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கி.மீ. நீளத்துக்கு நிரந்தர ட்ராக் கட்டிடுச்சு.

மேற்கே கோயம்புத்தூர். எஸ். கரிவரதன் ஓட்டுநர் மட்டும் இல்லை, கார் கட்டுறவரும்கூட. மாருதி இன்ஜினை வெச்சு, கட்டுப்படியாகிற விலையில் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கி, வசதி இல்லாத பசங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டாரு. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனாரு. செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த சுமார் 2 கி.மீ. ட்ராக்குக்கு அவர் பேர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே. சூரமங்கலத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனாரு. சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்கும், 2012-ல் லீ மான்ஸ் 24 மணி நேரப் போட்டிக்கும் போனாரு. அலிஷா அப்துல்லா பைக், கார் ரெண்டுலயும் போட்டி போட்ட சென்னைப் பொண்ணு. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுத்தி 3.5 கி.மீ. தெரு ட்ராக்கில் ராத்திரி ரேஸே நடந்துச்சு.

அப்புறம் ‘தல’ அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அவரோட அணி 991 பிரிவுல மூணாவது இடம் பிடிச்சுது. அந்த வீடியோவை ஷேர் பண்ணாதவங்க யாரு? ஆனா அதுக்குச் சில நாள் முன்னாடி வந்த இன்னொரு வீடியோவையும் பார்க்கணும். பயிற்சியில் அவரோட கார் தடுப்புல மோதிச் சுழன்று நின்னுது. அவரா கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தாரு.

எப்படி? உடம்பைச் சுத்தி இரும்புக் கூண்டு. இருக்கையோட கட்டிப்போடுற பல முனை பெல்ட். கழுத்து முறியாம இருக்க தனிக் கருவி. மோதினா உள்வாங்கிக்கிற தடுப்பு. எதிரே வர்ற வண்டி கிடையாது. ஓரத்துல புளியமரம் கிடையாது. சில நொடியில ஓடி வர மீட்புக் குழு. இந்தப் பட்டியல்ல ஒண்ணுகூட ஏற்காடு ரோட்டுலயோ, பெங்களூரு பைபாஸ்லயோ இல்லை.

ஓட்டாம நின்ன 14 பேர்

நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்ல புள்ளி எடுத்த நாள் எதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். நாலாவது இடம், அஞ்சு புள்ளி. அந்த நாளின் கதை, வெற்றிக் கதையைவிட பெரிய பாடம்.

அந்த ட்ராக்கின் 13-வது வளைவு சாய்வா கட்டப்பட்டது. அதுல முழு வேகத்துல போகும்போது டயர் மேல விழுற பாரம் மற்ற ட்ராக்குகளைவிட அதிகம். பயிற்சியில ரால்ஃப் ஷூமாக்கரின் மிச்சலின் டயர் அந்த வளைவுல கைவிட்டு, அவர் சுவர்ல மோதினாரு. ‘முழு வேகத்துல பத்து லேப்புக்கு மேல இந்த டயருக்கு உத்தரவாதம் இல்லை’ன்னு மிச்சலினே சொல்லிடுச்சு.

ஞாயித்துக்கிழமை, கேலரி நிறைய கூட்டம். 20 கார் கிளம்புச்சு. ஒரு சுத்து முடிஞ்சதும், மிச்சலின் போட்ட 14 காரும் ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒதுங்கி உள்ள போயிடுச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார் மட்டும் ஓடுச்சு. அதுல ஒண்ணு நரேனோடது. ரசிகர்கள் கொதிச்சாங்க. ஆனா உலகத்தின் மிகத் திறமையான ஓட்டுநர்கள் இருந்த அணிகள், ‘டயர் தாங்காது’ன்னு தெரிஞ்ச பிறகு ஓட்டலை. அவங்களுக்குத் தைரியம் இல்லாம இல்லை, கணக்கு தெரிஞ்சிருந்துச்சு.

முதல் புதிருக்குப் பதில்

இப்ப அந்த ரெண்டு காருக்கு வருவோம். 70-ல வந்தவன் நின்னுட்டான். 100-ல வந்தவன்?

பிரேக் குறைக்கிறது வேகத்தை இல்லை, இயக்க ஆற்றலை. அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கம். 70-ஐ 70-ஆல பெருக்கினா 4,900. அந்தத் தூரத்துக்குள்ள பிரேக் கரைச்சது அவ்வளவுதான். 100-ஐ 100-ஆல பெருக்கினா 10,000. அதுல 4,900 போனா மிச்சம் 5,100. அதோட வர்க்கமூலம் 71.

ஆமா, 71. பக்கத்துல 70-ல வந்தவன் முழுசா நிக்கிற அதே இடத்துல, 100-ல வந்தவன் மணிக்கு 71 கி.மீ. வேகத்துல லாரி மேல மோதுவான். பிரேக் அடிக்கவே ஆரம்பிக்காத 70 மாதிரி.

இதுல ஆபத்தைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போற ஒரு நொடியைச் சேர்க்கலை. அந்த ஒரு நொடியில 70-ல வர்றவன் 19 மீட்டரும், 100-ல வர்றவன் 28 மீட்டரும் கடந்துடுவாங்க. அதையும் சேர்த்தா, காய்ந்த ரோட்டுல மோதுற வேகம் 80-ஐத் தாண்டும். சரி, 80-ல வந்திருந்தா? வெறும் பத்துதானே கூட? ஒரு நொடியைச் சேர்க்காமலே 39-ல மோதுவான். ஏபிஎஸ் டயர் பூட்டிக்காம பார்த்துக்கும், ஸ்டீயரிங் திருப்ப விடும். வர்க்கத்தை அதால கழிக்க முடியாது.

அப்ப எங்கதான் ஓட்டுறது?

முதல்ல எங்க கூடாதுன்னு தெரிஞ்சுக்குவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 189 பொது ரோட்டில் ரேஸ் ஓட்டுறதுக்கானது. முதல் தடவை மூணு மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி சிக்கினா சிறை ஒரு வருஷம் வரைக்கும் போகும். 18 வயசு ஆகாத தம்பி ஓட்டிக் குற்றம் செஞ்சா, பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதத்தோட மூணு வருஷம் வரை சிறை. அந்தத் தம்பிக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

இனி எங்க முடியும்னு பார்ப்போம்:

* கார்ட்டிங். ரேஸ் ஓட்டுறவங்க பெரும்பாலும் இங்கதான் தொடங்குறாங்க. பிரேக் எங்க அடிக்கணும், வளைவுல எந்தக் கோட்டைப் பிடிக்கணும்னு கத்துக்க இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.
* ட்ராக் பயிற்சி. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் ரேஸ் பயிற்சிகள் நடக்குது. பயிற்சிக்கான காரை அவங்களே தர்ற வகுப்புகளும் உண்டு. சொந்த கார் இல்லாம ரேஸ் கார் ஓட்ட வழி இதுதான்.
* லைசென்ஸ். போட்டியில கலந்துக்க, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகள் கூட்டமைப்பின் தனி லைசென்ஸ் வேணும். ஆர்.டி.ஓ. லைசென்ஸ் போதாது.
* கட்டிப் பாருங்க. இன்ஜினீயரிங் படிக்கிறவங்களா? கோவை கரி ட்ராக்கில் நடக்கிற ‘ஃபார்முலா பாரத்’ போட்டியில, மாணவர்களே ஒற்றை இருக்கை கார் வடிவமைச்சு, கட்டி, ஓட்டுறாங்க. எட்டு வடிவ ட்ராக்குல சுத்துறது, நேர்கோட்டுல பாயுறது, நீண்ட தூரம் தாங்குறதுன்னு தனித்தனி சோதனை இருக்கு. செலவுக் கணக்குக்கும் மார்க் உண்டு. ஓட்டத் தெரியாதவங்களுக்கும் ரேஸ்ல இடம் இருக்குன்னு காட்டுற இடம் இது.
* பார்வையாளர். டிக்கெட் வாங்கி ஒரு நாள் ட்ராக் ஓரத்துல நில்லுங்க. மொபைல்ல கேட்ட சத்தமும் நேர்ல கேட்கிற சத்தமும் ஒண்ணு இல்லை.

டீ கிளாஸ் காலி. அண்ணன் லாரி சாவியை எடுத்துக்கிட்டு எழுந்துட்டாரு. போறதுக்கு முன்னாடி அடுத்த ஜமாவுக்கு ஒரு கேள்வி. ஊருக்குள்ள ரெண்டு பைக். ஒண்ணு 50-ல, ஒண்ணு 60-ல. திடீர்னு ஒரு குழந்தை ரோட்டுக்கு ஓடி வருது. ரெண்டு பேரும் ஒரே நொடியில பிரேக். 50-ல வந்தவர் குழந்தைக்கு முன்னாடி நின்னுட்டாரு. 60-ல வந்தவர்?

பத்துன்னு சொல்லிடாதீங்க. வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, மொபைல்ல கால்குலேட்டரைத் திறந்து ஒரு தடவை போட்டுப் பாருங்க.